உலைக்குள் போன மாதா

சலோமேயா காவ்லிக், செல்லமாகச் சால்கா, பிறக்கும்போதே சந்தேகத்தோடு பிறந்தவள் என்று எங்கள் ருஜான்கா கிராமத்தில் சொல்வார்கள். அது அபாண்டம். பிறந்த குழந்தைக்கு என்ன தெரியும், பாவம்? அவள் அப்பா குதிரை வாங்கிய பிறகுதான் அவளுக்கு அந்த நோய் வந்தது.

சந்தையில் அப்பா வாங்கியது கன்னங்கரேலென்ற குதிரை. விற்றவன் அப்பாவைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, "நம்ம பிள்ளை மாதிரி வளர்த்தேன், பார்த்துக்குங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பி வைத்தான். பாதி வழியில் மழை பிடித்தது. மொட்டைமலைக்குக் கீழே வரும்போது குதிரை சாம்பல் நிறமாகி நின்றது. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்த சின்னப் பெண் சால்காவின் கைகள் இரண்டும் கறுப்பு. எல்லாம் செருப்புக்குப் பூசுகிற மை. அப்பா வண்டியிலேயே உட்கார்ந்து அழுதார். ஆனால் சால்காவின் மனசில் தைத்தது அவர் அழுகை இல்லை, அந்த வியாபாரி கொடுத்த முத்தம்தான். அன்பாகப் பேசுகிறவன் எவனையும் அதற்குப் பிறகு அவள் நம்பவில்லை.

வளர்ந்து பெரியவளான பிறகும் அப்படித்தான். வாத்துகளுக்கு அடையாளமாகக் கால் சவ்வில் ஒரு வெட்டுப் போடுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். சால்கா மட்டும் அதற்கு மேலே யாருக்கும் தெரியாமல் இன்னொரு வெட்டும் போடுவாள். முதல் வெட்டை எவளாவது பார்த்துக் காப்பியடித்துவிட்டால்? வெண்ணெய் உருண்டையின் அடியில் கட்டைவிரலை அழுத்தி வைப்பாள். பூசையில் காணிக்கைத் தட்டு நகரும்போது, தான் போட்டது பத்திரமாகப் போய்ச் சேருகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பாள். தன் நிழலையே இரண்டு தரம் திரும்பிப் பார்க்கிறவள் என்று அண்டை வீட்டு ஹொனோராத்தா சொல்வாள். சொல்கிற ஹொனோராத்தாவும் லேசுப்பட்டவள் இல்லை, அது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவள் கல் குவாரியில் வேலை பார்த்த செவெரினைக் கட்டிக்கொண்டாள். செவெரின் பேசுவதற்குள் பால் பொங்கிவிடும், அத்தனை நிதானம். முகம் பிறவியிலேயே சிவப்பு. மற்ற ஆண்கள் பொய் சொன்னால் முகம் காட்டிக் கொடுக்கும். இவன் முகம் உண்மை சொன்னாலும் சிவப்பு, பொய் சொன்னாலும் சிவப்பு. அந்த முகத்தை வைத்துக்கொண்டு சால்கா பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

எங்கள் வயல்களில் ஏர் ஓட்டினால் கறுப்புக் கட்டிகள் தட்டும். பானை பானையாக, சிலது ஆட்டுக்கல் பெரிசுக்கு, இரும்பு மாதிரி கனக்கும். எங்கள் அப்பாக்கள் அதைத் திட்டித் திட்டியே தோண்டி எடுத்து பன்றிக்கொட்டகைக்குச் சுவர் வைத்தார்கள். பிறகு க்ராகூ பட்டணத்திலிருந்து டாக்டர் ராத்வான் என்று ஒருவர் வந்தார். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, மண்ணைத் தோண்டுகிற டாக்டர். ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இங்கே இரும்பு காய்ச்சினார்கள், ஒவ்வொரு கட்டியும் ஓர் உலையின் அடியில் வடிந்து உறைந்த கசடு என்றார். அவர்கள் செய்த மாதிரியே, அவர்களிடம் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு நாமும் காய்ச்சிப் பார்ப்போம் என்றார். நிலத்தைப் பிடுங்கத்தான் அரசாங்கம் இப்படி ஒரு கதையோடு ஆள் அனுப்பியிருக்கிறது என்று ஊரே நினைத்தது. சால்கா மட்டும் நினைக்கவில்லை. அவளுக்கு அது உறுதியாகவே தெரியும்.

ஆனாலும் வேலைக்குப் போனாள். களிமண்ணில் வைக்கோலை வெட்டிப் போட்டுக் காலால் மிதித்துப் பதமாக்குவது அவள் வேலை. அந்த மண்ணால் நெஞ்சு உயரத்துக்குப் புகைபோக்கி மாதிரி உலை எழும்பும். அடியில் குழி, குழி நிறைய வைக்கோல், அதன் மேல் கரியும் வறுத்த இரும்புக் கல்லும் மாற்றி மாற்றி. செவெரின் துருத்தியடியில். காலையில் பற்ற வைத்தால் பொழுது சாயும்வரை ஊத வேண்டும். செப்டம்பர் தோறும் பட்டணத்திலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து வேடிக்கை பார்க்கும்.

வேடிக்கை பார்க்கும், அவ்வளவுதான். உலையை உடைத்தால் உள்ளே இருப்பது அடிப்பிடித்த கஞ்சி. கரியும் கசடும் ஒட்டிக்கொண்டு, நடுவே கொட்டைப்பாக்கு அளவில் ஏதோ மினுங்கும். வயலில் கிடைக்கிற மாதிரி அடிக்குழி நிறையக் கசடு வடிந்து, மேலே இரும்புக் கட்டி தங்கியது ஒரு வருஷமும் இல்லை. "செத்துப்போனவனுங்க நம்மளைப் பார்த்துச் சிரிக்கிறானுங்க டாக்டர் ஐயா" என்பான் செவெரின். டாக்டரும் சிரிப்பார், ஆனால் சிரிப்பு வாயோடு நின்றுவிடும். இதெல்லாம் கடையில் சர்க்கரைக்கும் கறிக்கும் ரேஷன் அட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்ற காலம். கஞ்சிக்காக எத்தனை வருஷம் அரசாங்கம் கரி கொடுக்கும்?

அந்த வருஷம் தலைநகர் வார்சாவிலிருந்து அரசாங்கக் குழு வருகிறது என்று தகவல் வந்தது. வயலில் கிடைக்கிற மாதிரி கசடும் அதன் மேல் நல்ல இரும்புக் கட்டியும் விழுந்தால் வேலை தொடரும். விழாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆகஸ்டில் ஒத்திகை பார்த்தார்கள். மறுபடியும் கஞ்சி. செவெரினுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. குவாரியில் அவன் கல் உடைக்கிற ஆயிரம் பேரில் ஒருவன். உலையடியில்தான் அவன் உலைக்கார செவெரின். அந்தப் பேர் போனால் அவனுக்கு வேறு என்ன இருக்கிறது என்று சால்காவுக்கும் தெரியும்.

பத்து நாள் கழித்துப் பார்த்தால் மனுஷன் சீட்டியடித்துக்கொண்டு வருகிறான். டாக்டரும் அவனும் வேலியோரம் நின்று குசுகுசுவென்று பேசுகிறார்கள். சால்கா பக்கத்தில் போனால் பேச்சு மழையைப் பற்றி மாறிவிடுகிறது. அதற்கு மேல், கல்யாணமான நாளிலிருந்து கயிறு மட்டுமே கட்டியிருந்த கொட்டகைக் கதவில் ஒரு பூட்டு தொங்கியது.

"எதுக்குய்யா பூட்டு?"

"எலி வருது."

"எலி கதவைத் தொறந்துக்கிட்டா வருது?"

செவெரின் முகம் சிவந்திருந்தது. அது எப்போதும்தான் சிவந்திருக்கும்.

ஹொனோராத்தா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "அடி சால்கா, உன் வீட்டுக்காரன் குவாரி லாரியிலேருந்து எதையோ சாக்குல சுத்தி இறக்கினான். ரெண்டு ஆள் பிடிச்சுத் தூக்கினாங்க. பொணம் கனம் கனத்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலைம்மா. கண்ணுல பட்டுச்சு, அவ்வளவுதான்."

சால்கா கொட்டகைப் பலகைச் சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். இருட்டில் மூடி போட்ட மரத்தொட்டி ஒன்று. அதன் மேல் கல் ஏற்றி வைத்திருந்தது. போதாதா? அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குவாரியில் இல்லாத உடைசல் இரும்பா? எங்கேயோ காய்ச்சி, கசடு பூசி, ஒரு கட்டியைத் தயார் பண்ணிவிட்டார்கள். வைக்கோலுக்கு அடியில் குழிக்குள் அதை ஒளித்து வைப்பார்கள். சாயங்காலம் உலையை உடைத்து, குழுவுக்கு முன்னால் அதை எடுத்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். டாக்டர் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும், படித்தவன் எதுவும் செய்வான். ஆனால் தன் புருஷனுமா? இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவனுமா? கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் வாயெடுத்தாள். கேட்டால் 'எலி' என்பான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

வாத்துக்குப் போடுகிற மாதிரி அடையாளம் போட அவள் யோசித்தாள். உலைக்குள் உண்மையாகவே வேகிற இரும்புக்கு ஓர் அடையாளம். வெளியே வரும் கட்டியில் அது இருந்தால் அந்தக் கட்டி அங்கேயே பிறந்தது. இல்லாவிட்டால் திருட்டுக் கட்டி. கழுத்தில் அவள் சின்ன வயசில் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளிலிருந்து போட்டிருந்த பித்தளை மாதா பதக்கம் இருந்தது. தேய்ந்து தேய்ந்து மாதாவின் மூக்கே காணாமல் போயிருந்தது. பித்தளை உருகினாலும் நிறம் எங்கே போகும்? எங்காவது மஞ்சளாக, சிவப்பாகத் தெரிந்துதானே ஆக வேண்டும்?

குழு வந்த அன்று காலையிலேயே கூட்டம். பெண்கள் வரிசையாகக் கூடையில் இரும்புக் கல் சுமந்துபோய் உலை வாயில் கொட்டினார்கள். சால்கா தன் கூடைக்குள், கல்லுக்கு அடியில் பதக்கத்தைச் செருகினாள். "மாதாவே, மன்னிச்சுக்கோ. உள்ள போய் என்ன நடக்குதுன்னு பார்த்துட்டு வா" என்று முணுமுணுத்துக் கொட்டினாள். துருத்திக்குப் பின்னாலிருந்து செவெரின் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் திரும்பிச் சிரிக்கவில்லை. அன்றைக்கெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய உலையை உடைத்தார்கள். செவெரின் நீளக் குறடை உள்ளே விட்டு இழுத்தான். ரொட்டி அளவுக்கு ஓர் இரும்புக் கட்டி, வெள்ளையாகத் தகதகத்துக்கொண்டு வெளியே வந்தது. மரச் சம்மட்டியால் அடிக்க அடிக்கப் பொறி பறந்தது. குழியைப் பார்த்தால் விளிம்புவரை உறைந்த கசடு, வயலில் கிடைப்பதன் உடன்பிறப்பு. டாக்டர் ராத்வான் அப்படியே மண்டி போட்டுவிட்டார். செவெரின் துருத்தித் தோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினான்.

குழுவின் தலைவர் வில்செக், சூட்டோடு கட்டியைக் கோடரியால் பிளக்கச் சொன்னார். சால்கா நாலு பேரை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். பிளந்த முகத்தின் ஓரத்தில், கடுகளவுக்கு, செம்பு நிறத்தில் ஒரு புள்ளி.

"ஐயோ என் ராசா!" என்று கத்தியவள், ஊர் பார்க்க, வார்சாக்காரர்கள் பார்க்க, செவெரினைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஊருக்கும் புரியவில்லை. சால்காவா இது?

அப்புறம் கொட்டகைப் பூட்டைத் திறந்தார்கள். மரத்தொட்டியிலிருந்து வந்தது உப்புப் போட்ட பன்றித் தொடையும் கறியும். குழுவுக்கு விருந்து வைக்க, கறியே கண்ணில் படாத காலத்தில், குவாரி மேஸ்திரி கள்ளத்தனமாக அறுத்த பன்றி.

"பன்னிக்காய்யா பூட்டு போட்டே?"

"உன்கிட்ட சொன்னா யார் பன்னி, எங்க அறுத்தீங்க, யார் யாருக்குப் பங்குன்னு போலீசை விட மோசமாக் கேப்பியே!"

சால்கா வயிறு வலிக்கச் சிரித்தாள். ஆட்டமும் ஆடினாள். ஆனால் பதக்கத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சந்தோஷத்தில் அழுதுகொண்டிருக்கிறவனிடம், உன்னைத் திருடன் என்று நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். மந்திரித்த பதக்கத்தை நெருப்பில் போட்டது மனசை அறுத்துக்கொண்டிருந்தது. உலகத்தில் அவள் நம்பிய ஒரே ஆள் பங்குச் சாமியார்தான். அவர் நல்லவர் என்பதற்காக இல்லை. கேட்டதை வெளியே சொன்னால் அவர் குருப்பட்டமே போய்விடும் என்பதற்காக. எல்லாவற்றையும் சொன்னாள். சாமியார் கம்பி வலைக்குப் பின்னால் தொண்டையைச் செருமினார். பிறகு, "ஒரு செபமாலை சொல்லு. அப்புறம் உன் புருஷன்கிட்டயும் சொல்லிடு மகளே" என்றார். செபமாலை அன்றைக்கே முடிந்தது. மற்றதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் வில்செக் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை சிரிப்பில்லாமல். தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஊரைக் கூட்டினார்கள். பாதிக் கட்டியை வார்சாவில் சோதித்தார்களாம். அதில் செம்பு இருக்கிறதாம். இந்த மலைக் கல்லில் செம்பு கிடையாது. அது இருப்பது இந்தக் காலத்துப் பழைய இரும்பில், காயலான்கடைச் சரக்கில். "யாரோ உலைக்குள்ள இரும்பைப் போட்டு இரும்பை எடுத்திருக்காங்க. எங்க காதுல பூ சுத்தியிருக்கீங்க" என்றார் வில்செக்.

டாக்டர் ராத்வானின் முகம் வெளுத்துவிட்டது. அவர் மெதுவாகச் செவெரின் பக்கம் திரும்பினார்.

"செவெரின், குவாரியில உடைஞ்ச இரும்பு நிறைய கிடக்குமில்ல? என் மேல பாசத்துல ஏதாவது செஞ்சிருந்தா இப்பவே சொல்லிடு."

"நான் போட்டது கரி, கல்லு, காத்து. வேற ஒண்ணுமில்லை டாக்டர் ஐயா."

"உலையை விட்டு நகராம நின்னது நீதானேப்பா."

"குவாரி லாரியிலேருந்து என்னமோ இறக்கினான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தப் பன்றியைத் தின்ற வாய்தான் அதுவும். கள்ளப் பன்றி என்று எழுந்து சொல்ல ஒருத்தருக்கும் தைரியமில்லை, மேஸ்திரிக்கும் இல்லை, ஏப்பம் விட்டுப் போன வில்செக்குக்கும் இல்லை. செவெரின் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு நின்றான். முகம் சிவந்திருந்தது. அவன் முகமே போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சால்கா பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

"அவனை விடுங்க! நான்தான் போட்டேன். இரும்பு இல்லை, என் மாதா பதக்கம். பித்தளை. அந்தச் செம்புதான் அது!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எதுக்கும்மா போட்டீங்க?" என்றார் வில்செக்.

"இவங்க கட்டியை மாத்திடுவாங்கன்னு சந்தேகம். அடையாளத்துக்குப் போட்டேன்."

யாரோ சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது. டாக்டர்கூட வருத்தமாகத் தலையை ஆட்டினார். "காவ்லிக்கம்மா, புருஷனைக் காப்பாத்த நினைக்கிறது தப்பில்லை. ஆனா இது கொஞ்சம் அதிகம்."

"சத்தியமா சொல்றேன்! ஹொனோராத்தா, நீ சொல்லுடி. என் கழுத்துல பதக்கம் இருந்துச்சா இல்லையா?"

ஹொனோராத்தா தோளைக் குலுக்கினாள். "இருந்துச்சு. ஆனா செத்த கோழி இறகைக்கூடச் சும்மா கொடுக்காதவ நீ. மாதாவைத் தூக்கி நெருப்புல போட்டேங்கிறியா? யார்கிட்டயாவது சொன்னியா அப்போ?"

யாரிடம் சொன்னாள்? சால்கா கரடியாய்க் கத்தினாள். கத்திக்கொண்டே கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். கதவோரம் பங்குச் சாமியார் நின்றிருந்தார்.

"சாமியாரைக் கேளுங்க! அவருக்குத் தெரியும்! பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். சாமி, நானே அனுமதி தர்றேன், சொல்லுங்க சாமி!"

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். வார்சாவின் அரசாங்க ஆட்களுக்கு முன்னால், அந்தக் காலத்தில், எந்தச் சாமியாரும் ஒரு வார்த்தை சொன்னால் அது நாலாகத் திரிந்து அவர் தலையிலேயே விழும். அதுவும் அல்லாமல் திருச்சபைச் சட்டம் சட்டம்தான்.

"மகளே, அந்தக் கூண்டுக்குள்ள கேட்டதை நான் ஆமாம்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. நீ அனுமதி கொடுத்தாலும் முடியாது."

"பார்த்தீங்களா? சாமியாரே ஆமான்னு சொல்லலை" என்றது அதே குரல்.

அதோடு முடிந்தது. அந்த வருஷத்துக் காய்ச்சல் செல்லாது என்று எழுதிக்கொண்டார்கள். எங்கள் மண்ணில் ஆயிரமாயிரம் வருஷங்களுக்குப் பிறகு உண்மையாக விழுந்த முதல் கட்டி பொய்க் கட்டியானது. செவெரின் காவ்லிக் இனிமேல் உலைப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். டாக்டர் அவனுக்குக் கை கொடுக்காமலேயே வண்டியில் ஏறினார்.

இருவரும் பனியில் வீட்டுக்கு நடந்தார்கள். பாலம் தாண்டிய பிறகு செவெரின் கேட்டான்:

"நிஜமாவே போட்டியா?"

"போட்டேன்யா."

"நான் நம்பறேன்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஊரே சிரித்த இடத்தில் இவன் ஒருத்தன் நம்புகிறானே என்று அவன் கையைப் பிடித்தாள். செவெரின் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நடையை நிறுத்திவிட்டான்.

"அப்போ சந்தேகப்பட்டது யாரை? டாக்டரையா, என்னையா?"

டாக்டரை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். அவன் எதையும் நம்புவான்.

"உன்னைத்தான்."

அவன் தொப்பியிலிருந்த பனியைத் தட்டினான்.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே சால்கா. கட்டி நிஜமான்னு. வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை."

"கேட்டிருந்தா, நீ நிஜம்னு சொல்லியிருந்தா, நான் நம்பியிருப்பேனா?"

செவெரின் வழக்கம்போல நிதானமாக யோசித்தான்.

"மாட்டே" என்றான்.